சிவலோகமா, சிவனடியா? உயிர் போகும் இடம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஊரில் யாராவது இறந்துவிட்டால் மறுநாள் விடிவதற்குள் சுவரொட்டி வந்துவிடும். பேருந்து நிறுத்தம், டீக்கடைச் சுவர், மின்கம்பம் என்று எங்கும் ஒட்டியிருக்கும். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, நடுவில் படம், கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். அதற்கும் கீழே ஒரு வரி. ‘சிவலோகப் பதவி அடைந்தார்’ என்று சில வீட்டில் அச்சடிப்பார்கள். வைணவ வீடாக இருந்தால் ‘வைகுண்டப் பதவி’. ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பது எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. கடவுள் நம்பிக்கை இல்லாத குடும்பம் ‘இயற்கை எய்தினார்’ என்று போடும். யாழ்ப்பாணத்தில் நினைவு மலர் போடுகிறவர்கள் ‘சிவபதப் பேறு’ என்று எழுதுவார்கள்.

இவை எல்லாம் ஒரே பொருள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். செத்துப்போனார் என்பதை மரியாதையாகச் சொல்ல ஐந்தாறு வழிகள், அவ்வளவுதான் என்று. சைவ சித்தாந்தம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, சிவலோகம் போவது வேறு, சிவனடி சேர்வது வேறு என்று. முதலாவது, போனவர் திரும்பிவர நேரிடும் ஊர். இரண்டாவதை ஊர் என்றே சொல்ல முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு போனால் உயிர் என்றால் என்ன, அதற்கும் இறைவனுக்கும் என்ன உறவு என்பது எல்லாம் ஒவ்வொன்றாகத் திறக்கும். அந்த வழியில்தான் இங்கே போகப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உயிரைப் பற்றி ‘இந்து மதம் இப்படிச் சொல்கிறது’ என்று ஒரே வரியில் யாராலும் சொல்ல முடியாது. ஆதி சங்கரர் வழியில் உயிரும் பிரம்மமும் ஒன்றே. வேறு என்று தோன்றுவது அறியாமையால். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், உயிர்கள் எல்லாம் இறைவனுக்கு உடம்பு போன்றவை, அவனுக்கே உரிமைப்பட்டவை என்றார். உடுப்பியில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மத்துவர், உயிர் வேறு, இறை வேறு, என்றைக்கும் வேறு என்றார். மூவரும் ஒரே உபநிடதங்களுக்குத்தான் பொருள் சொன்னார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது நான்காவது ஒரு வழி, முன்னே சொன்ன சைவ சித்தாந்தம். வடமொழி ஆகமங்களில் வேர் இருந்தாலும், தமிழிலேயே யோசித்து, தமிழிலேயே வாதாடி, தமிழிலேயே முடிவு கட்டிய தத்துவம் இது. நம் வீட்டுப் பேச்சிலும் கோயில் பழக்கத்திலும் இது கலந்திருப்பதால் புதிதாகப் படிக்கிறவருக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

நந்திக்கு முன்னால் நின்று

சிவன் கோயிலுக்குள் நுழைந்தால் பலிபீடம் இருக்கும். அதன் அருகே நந்தி. நந்தி பார்க்கிற திசையில் கருவறையும் அதில் லிங்கமும். நந்திக்கும் சுவாமிக்கும் குறுக்கே போகாதே என்று சிறுவயதில் எல்லாருமே திட்டு வாங்கியிருப்போம். பெரியவர்கள் அதற்குச் சொல்லும் விளக்கம் இது: லிங்கம் பதி, நந்தி பசு, பலிபீடம் பாசம். சைவ சித்தாந்தம் முழுவதும் இந்த மூன்று சொற்களுக்குள் இருக்கிறது.

பதி என்றால் தலைவன், இறைவன். பாசம் என்றால் கயிறு. பசு என்றால் கயிற்றால் கட்டப்பட்டது, அதாவது உயிர். நாம் இன்று ‘அம்மா பாசம்’, ‘தங்கச்சி பாசம்’ என்று அன்புக்குச் சொல்கிற சொல்லுக்கு மூலப்பொருள் கட்டுகிற கயிறு. அந்தச் சொல் அன்பைக் குறிக்கப் போனது எவ்வளவு பொருத்தம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இந்த மூன்றையும் திருமூலர் ஒரே பாட்டில் அடக்கிவிடுகிறார்:

பதிபசு பாசம் எனப்பகர் மூன்றில்
பதியினைப் போற்பசு பாசம் அனாதி
பதியினைச் சென்றணு காப்பசு பாசம்
பதியணு கிற்பசு பாசம்நி லாவே

இரண்டாம் வரியைக் கவனியுங்கள். இறைவனைப் போலவே உயிரும் பாசமும் அனாதி, தொடக்கம் இல்லாதவை. இது பெரிய பேச்சு. கடவுள் உயிரைப் படைத்தார் என்று சைவ சித்தாந்தம் சொல்வதில்லை. குயவன் பானை செய்வதுபோல ஒருநாள் உட்கார்ந்து அவர் நம்மைச் செய்யவில்லை. அவர் எப்போதிலிருந்து இருக்கிறாரோ அப்போதிலிருந்து நாமும் இருக்கிறோம். அப்படியானால் நம்மிடம் உள்ள குறைக்கும் அவர் காரணம் இல்லை. ‘நல்ல கடவுள் ஏன் கெட்ட மனுசனைப் படைச்சார்?’ என்ற கேள்வி இங்கே எழவே இடமில்லை. அவர் நம்மைப் படைக்கவில்லை, நம்மை மீட்க வேலை செய்துகொண்டிருக்கிறார்.

உயிர் என்று ஒன்று உண்டா

13ஆம் நூற்றாண்டில் பெண்ணாகடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த மெய்கண்டார் சிவஞானபோதம் என்று ஒரு நூல் செய்தார். 12 சூத்திரம், மொத்தம் 40 வரி. இரண்டு பக்கத்தில் அச்சடித்துவிடலாம். அதன் மூன்றாம் சூத்திரம், உயிர் இருக்கிறது என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ‘எனதுடல் என்றலின்’ என்பது.

என் வீடு என்கிறோம். வீடு வேறு, நான் வேறு. என் சட்டை என்கிறோம். சட்டை வேறு, நான் வேறு. அதே வாயால்தான் என் கை, என் கால், என் உடம்பு என்கிறோம். யாருடைய உடம்பு? அப்படிச் சொந்தம் கொண்டாடுகிற ஒன்று உடம்புக்கு வேறாக இருக்க வேண்டும் அல்லவா? இன்னொரு காரணம், கண் நிறத்தை மட்டும் பார்க்கும், காது ஓசையை மட்டும் கேட்கும். மாம்பழத்தின் நிறம், மணம், சுவை மூன்றும் ஒரே பழத்துடையவை என்று சேர்த்து அறிவது கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, நாக்கும் இல்லை. தூங்கும்போது மூச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் உண்ணுவதும் இல்லை, வேலை செய்வதும் இல்லை. ஆகவே மூச்சும் உயிர் இல்லை என்கிறார்.

கடைசிக் காரணம் ‘உணர்த்த உணர்தலின்’. யாராவது சொல்லித்தந்தால்தான் உயிர் அறிகிறது. இந்த ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது. அறிகிறது என்பதால் அது கல் போன்ற சடப்பொருள் இல்லை. சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்பதால் அது கடவுளும் இல்லை. தானாகவே எல்லாம் அறிகிறவனுக்கு வாத்தியார் எதற்கு? இங்கேதான் சித்தாந்தம் ‘நானே பிரம்மம்’ என்ற வழியிலிருந்து பிரிந்து தனியாகப் போகிறது.

அப்படியானால் உயிரின் இயல்புதான் என்ன? எதைச் சார்கிறதோ அதுவாகவே ஆவது. ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று இதைச் சொல்வார்கள். பளிங்கைச் சிவப்புத் துணிமேல் வைத்தால் சிவப்பு, நீலத் துணிமேல் வைத்தால் நீலம். பளிங்குக்கென்று காட்ட ஒரு நிறம் இல்லை. மெய்கண்டார் வழியில் வந்த உமாபதி சிவம் 100 குறட்பாக்களில் செய்த திருவருட்பயனில் கண்ணை வைத்து இதைச் சொல்கிறார்:

இருளில் இருளாகி எல்லிடத்தில் எல்லாம்
பொருள்கள் இலதோ புவி

எல் என்றால் ஒளி. இருட்டில் இருட்டாகவும் வெளிச்சத்தில் வெளிச்சமாகவும் ஆகிவிடுகிற பொருள்கள் உலகத்தில் இல்லையா என்ன என்று கேட்கிறார். நம் கண் அப்படித்தானே இருக்கிறது. மின்வெட்டு வந்த கணத்தில் கண் திறந்திருந்தாலும் குருடு. விளக்கு வந்ததும் அதே கண் ஊசியில் நூல் கோக்கிறது. கண் மாறவில்லை, அது சார்ந்தது மாறியது. உயிரும் அப்படித்தான். ஒருபக்கம் பாசத்தைச் சார்ந்தால் பாசமாகவே கிடக்கும், மறுபக்கம் இறைவனைச் சார்ந்தால் அவனாகவே நிற்கும். தனியாக, எதையும் சாராமல் நிற்க அதற்குத் தெரியாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்து வருபவை.

அந்த இருட்டு எது

கயிறு மூன்று இழையாக முறுக்கியது. ஆணவம், கன்மம், மாயை. மும்மலம் என்பது இதுதான். மலம் என்றால் அழுக்கு.

ஆணவம் என்றதும் திமிர், தலைக்கனம் என்று நினைத்துவிடுகிறோம். அன்றாடப் பேச்சில் அப்படித்தான். தத்துவத்தில் அது அதைவிட மிக ஆழமானது. உயிரின் அறிவை மூடி, ‘நான்’ என்ற அணு அளவுக்கு அதைச் சுருக்கிவிடுவது ஆணவம். மிகவும் அடக்கமானவரிடமும் அது உண்டு. அழுது நிற்கிற குழந்தையிடமும் உண்டு. அது நடுவில் வந்து ஒட்டியதில்லை. நெல்லுக்கு உமி எப்போது வந்தது? செம்புக்குக் களிம்பு எப்போது வந்தது? ‘சொல்லில் புதிதன்று தொன்மையே’ என்கிறார் மெய்கண்டார். உமியோடுதான் நெல் விளைகிறது.

இதன் பொல்லாத்தனத்தைத் திருவருட்பயன் சொல்கிற விதம் எத்தனை முறை படித்தாலும் என்னை நிறுத்திவிடுகிறது:

ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும்
இருபொருளும் காட்டாது இது

சாதாரண இருட்டு மற்ற பொருளைக் காட்டாது, ஆனால் தன்னையாவது காட்டும். ‘இருட்டா இருக்கே’ என்று தெரியும், எழுந்து விளக்கைத் தேடுவோம். ஆணவமோ பொருளையும் காட்டாது, தான் மறைத்துக்கொண்டிருப்பதையும் காட்டாது. இருட்டில் இருக்கிறோம் என்பதே தெரியாத இருட்டு அது.

இதற்கு மரபில் ஒரு கதை உண்டு. திருத்துறையூரில் அருணந்தி சிவாசாரியார் என்ற பெரிய அறிஞர் இருந்தார். ஆகமங்கள் எல்லாம் கரை கண்டவர் என்பதால் அவரைச் சகலாகம பண்டிதர் என்பார்கள். மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுரு. குழந்தைக்காக ஏங்கிய பெற்றோருக்குத் திருமுறை ஏட்டுக்குள் கயிறு சாத்தி எந்தப் பாட்டு வருகிறது என்று பார்த்து, திருவெண்காட்டுப் பதிகம் வர, அங்கே போய் வழிபடச் சொன்னவரும் அவர்தான். அப்படிப் பிறந்த பிள்ளை சின்ன வயதிலேயே மாணவர்களைச் சேர்த்துப் பாடம் சொல்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் வந்தார். பாடம் ஆணவத்தைப் பற்றி நடந்துகொண்டிருந்தது. பிள்ளை எழுந்து வரவேற்கவில்லை. கோபத்தோடு, ‘ஆணவத்தின் வடிவம் என்ன?’ என்று கேட்டார். மெய்கண்டார் பதில் பேசவில்லை. அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அருணந்திக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்திலேயே காலில் விழுந்து சீடரானார். பிறகு அவர் எழுதியதுதான் சிவஞான சித்தியார். வயதில் மூத்த குலகுரு, பிறக்கத் தானே வழி சொன்ன பிள்ளையின் காலில் விழுந்தார் என்பது எனக்கு எந்த அற்புதத்தையும்விடப் பெரிதாகப் படுகிறது.

கன்மம் நமக்குத் தெரிந்த வினைதான். இதை நீட்ட வேண்டாம். குதிரில் சேர்ந்துகிடக்கிற நெல் போன்றது சஞ்சிதம். அதிலிருந்து எடுத்து இந்தப் பிறவிக்கு உலையில் போட்டது பிராரத்தம். உண்டுகொண்டே அடுத்த போகத்துக்கு விதைப்பது ஆகாமியம். வினைக்குத் தானாக வந்து ஆளைப் பிடிக்கத் தெரியாது, அது சடம். அதைச் சேர்க்க வேண்டிய உயிரிடம் சேர்ப்பவன் இறைவன்.

மாயைதான் புதிதாகப் படிப்பவரைக் குழப்பும். மாயை என்றால் பொய், கானல் நீர் என்று பலரும் நினைக்கிறார்கள். சித்தாந்தத்தில் மாயை மெய்யான பொருள். உலகம் எதனால் ஆனதோ அந்த மூலப்பொருள். உடம்பு, மனம் முதலிய கருவிகள், வாழும் உலகம், நுகரும் இன்ப துன்பம் நான்கும் அதிலிருந்து வருகின்றன. நூல்கள் இவற்றைத் தனு, கரணம், புவனம், போகம் என்கின்றன.

சரி, உயிரை மீட்க வந்த இறைவன் அதை ஏன் இன்னொரு அழுக்கோடு சேர்க்க வேண்டும்? வெள்ளாவி வைப்பவர் என்ன செய்கிறார்? அழுக்குத் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் சேர்க்கிறார். பார்க்கிறவருக்கு இன்னும் அழுக்காக்குவதுபோலத் தெரியும். அந்த அழுக்குதான் பழைய அழுக்கைப் பெயர்த்துக்கொண்டு போகும். உடம்பும் உலகமும் அப்படிக் கொடுக்கப்பட்டவை. இன்னொரு உவமை விளக்கு. விடிய இன்னும் நேரம் இருக்கிறது, அதுவரை தட்டுத்தடுமாறாமல் இருக்கக் கையில் ஓர் அகல். ஆணவ இருட்டில் இந்த உடம்பு அந்த அகல். எந்த வலியிலும் உடம்பை வெறுக்கச் சொல்லாத மரபு இது என்பதில் எனக்கு ஒரு நன்றி உண்டு. ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று மாணிக்கவாசகர் அடுக்கும் பிறவிகள் எல்லாம் இந்த அகலை ஏந்திக்கொண்டு நடந்த நடைதான்.

நடராசர் வடிவத்தில் இந்த வேலை முழுவதும் இருக்கிறது. உடுக்கை ஏந்திய கை படைப்பது. அஞ்சேல் என்று அமைந்த கை காப்பது. தீ ஏந்திய கை ஒடுக்குவது. தூக்கிய திருவடி அருள்வது. இவற்றை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ஊன்றிய பாதத்தைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது மறைத்தல், திரோதானம். பாசத்தின் பக்கம் நின்று, உயிர் உலகத்தில் ஈடுபட்டு அடிபட்டு முதிரட்டும் என்று இறைவன் தன்னை ஒளித்துக்கொள்வது. கண்ணாமூச்சியில் ஒளிந்துகொள்கிற அம்மா வீட்டைவிட்டுப் போய்விடுவதில்லை. கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். அவன் மறைவதும் அருள்தான் என்று ஐந்தில் ஒன்றாக வைத்தார்களே, அந்த இடம் என்னை இந்தத் தத்துவத்தோடு கட்டிப்போட்டது.

சிவலோகம் எங்கே இருக்கிறது

இப்போது சுவரொட்டிக்கு வரலாம். உலகங்கள் எல்லாம் மாயையிலிருந்து வந்தவை என்றோம். அதில் கீழ்நிலை, மேல்நிலை உண்டு. மண்ணிலிருந்து தொடங்கி 36 தத்துவங்களாக, அதாவது உலகம் ஆன மூலக்கூறுகளாக, அடுக்கியிருக்கிறார்கள்: ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5. மேலே போகப் போகத் தூய்மை கூடும். உச்சியில் இருக்கும் சுத்த மாயையின் உலகங்களில் துன்பம் இல்லை, தூய அனுபவம் மட்டும். ஆனாலும் அது மாயைதான். மிகத் தெளிந்த கண்ணாடியும் நடுவில் நிற்கும் கண்ணாடிதானே.

ஒருவர் கோயில் கூட்டுகிறார், பூக்கட்டித் தருகிறார், விளக்கேற்றுகிறார். இது சரியை. இதன் பயன் சாலோகம், இறைவன் உலகத்தில் வாழ்வது. சிவலோகம் என்பது இதுதான். பூசை செய்வது கிரியை, அதன் பயன் சாமீபம், அவன் அருகில் இருப்பது. யோகத்தின் பயன் சாரூபம், அவன் வடிவம் பெறுவது. உழவாரத்தோடு திரிந்த அப்பரை முதல் வழிக்கும், ஞானப்பால் உண்ட பிள்ளையாகிய சம்பந்தரை இரண்டாவதற்கும், தோழராகிய சுந்தரரை மூன்றாவதற்கும் சொல்வது வழக்கம். அந்த மூவரும் அங்கேயே நின்றார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை, வழிக்கு அடையாளம் அவ்வளவே. இந்த மூன்று பயன்களும் பதமுத்தி. பதவி என்ற சொல்லே சொல்லிவிடுகிறது பாருங்கள். பதவி என்றால் காலம் முடியும். முடிந்ததும் அந்த உயிர் மறுபடி நல்ல பிறவி எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். நான்காவது ஞானம், அதன் பயன் சாயுச்சியம், இரண்டறக் கலப்பது. அதற்குப் பிறகு பிறவி இல்லை. அருணந்தியார் இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லி ‘ஞானத்தால் சிவனடியைச் சேர்வர்’ என்று முடிக்கிறார். சுவரொட்டியில் உள்ள சொல் ஏறக்குறைய அப்படியே அங்கே இருக்கிறது.

வைணவத்தில் கணக்கு வேறு. அங்கே வைகுண்டம், அதாவது பரமபதம், போனால் திரும்பாத இடம். பிரகிருதி என்கிற இந்தச் சடவுலகைக் கடந்து, அதன் எல்லையில் ஓடும் விரசை ஆற்றைத் தாண்டி உயிர் அங்கே போகிறது. அங்கே நித்திய கைங்கரியம், அதாவது என்றும் ஓயாத தொண்டு, செய்துகொண்டு இருப்பதுதான் மோட்சம். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி அன்று பரமபத வாசல் வழியே நம்பெருமாள் பின்னால் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு போவது அந்தப் பயணத்தை நினைத்துத்தான். ஆகவே ஒரே தெருவில் ‘சிவலோகப் பதவி’ என்றும் ‘வைகுண்டப் பதவி’ என்றும் இரண்டு சுவரொட்டி பார்த்தால், சொல் ஒன்றுபோல இருந்தாலும் தத்துவப்படி முதலாவது வழியில் ஒரு தங்கல், இரண்டாவது வீடு.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியம்மா இறந்தபோது அச்சகத்துக்குக் கொடுக்க வாசகம் எழுதச் சொன்னார்கள். படித்த கர்வத்தில் நான் ‘சிவலோகம் வேண்டாம், அது தற்காலிகம்’ என்று விளக்கத் தொடங்கினேன். பெரியப்பா கேட்டுவிட்டு, ‘அவ தினமும் கோயில் வாசல் தெளிச்சவ. அவளுக்கு எது கிடைச்சாலும் சரி, நீ நல்லதா ஒண்ணு எழுது’ என்றார். அன்றைக்குச் சரியையைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததைவிட அதிகம் அவரிடம் படித்தேன்.

வேடர் வளர்த்த பிள்ளை

அந்த ஞானம் எப்படி வருகிறது? சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் ‘ஐம்புல வேடரின் அயர்ந்தனை வளர்ந்தென’ என்று தொடங்குகிறது. அரசன் மகன் ஒருவன் சிறுவயதில் வேடர்களிடம் சிக்கிக் காட்டிலேயே வளர்ந்துவிட்டான். வேட்டையாடுவான், வேடர் மொழி பேசுவான், தான் வேடன் என்றே நம்புவான். ஒருநாள் அரசன் வந்து ‘நீ என் பிள்ளை’ என்கிறான். அந்தப் பேச்சைக் கேட்டதும் பையன் வேடரை விட்டுத் தந்தையோடு போகிறான். ஐந்து புலன்கள் அந்த வேடர்கள். நாம் அந்தப் பையன். இறைவனே குருவாக வந்து சொல்கிறான்.

பையன் அரசகுமாரன் ஆவதற்கு எதுவும் செய்யவில்லை, ஏற்கெனவே அவன் அரசன் மகன்தான். ஆனால் சொல்லாமல் அவனுக்குத் தெரிந்திருக்காது. ‘உணர்த்த உணர்தலின்’ என்று முன்னே பார்த்தது இங்கே வந்து பொருந்துகிறது. குரு எப்போது வருவார்? நல்வினை, தீவினை இரண்டின் பயனையும் விருப்பு வெறுப்பில்லாமல் ஒன்றாகப் பார்க்கும் நிலை வரவேண்டும், மலம் முதிர வேண்டும், அப்போது அருள் பதியும். இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்று மூன்று பெயர் சொல்வார்கள். பழம் பழுத்தால் காம்பு தானே விடும் என்று புரிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும்.

அப்படிச் சேர்ந்தபின் என்ன ஆகும், உயிர் கரைந்து காணாமல் போய்விடுமா? இந்த இடத்தில் உமாபதி சிவம் தமிழ் இலக்கணத்தையே உவமையாக்குகிறார். ‘தாடலைபோல் கூடியவை’ என்கிறார். தாள் என்ற சொல்லும் தலை என்ற சொல்லும் சேர்ந்தால் தாடலை. எழுதிப் பாருங்கள். ளகரமும் இல்லை, தகரமும் இல்லை, ஒரு டகரம் மட்டும் நிற்கிறது. பார்வைக்கு ஒரே சொல். பொருளில் தாளும் இருக்கிறது, தலையும் இருக்கிறது. அதிலும் எந்த இரண்டு சொற்களை எடுத்தார்? அவன் தாள், நம் தலை. அடி சேர்ந்தார் என்பது அதுதான். புணர்ச்சி விதி படித்த பள்ளிப் பிள்ளைக்கும் முத்தியை விளக்கிவிடலாம் என்பது தமிழுக்குக் கிடைத்த பேறு.

அத்துவிதம் என்ற சொல்லுக்கு ‘ஒன்று’ என்று பொருள் இல்லை, ‘இரண்டாகப் பிரிந்து நில்லாமை’ என்றுதான் பொருள் என்று மெய்கண்டார் வாதாடுவதும் இதையே. ஒன்றுதான் என்று சொல்ல வேண்டுமானால் ஒன்று என்றே சொல்லியிருக்கலாமே. உயிர் முழுவதும் அழிந்துவிட்டால் அந்த இன்பத்தை அனுபவிப்பது யார்? ஆகவே உயிர் இருக்கும். படைத்தல் முதலிய ஐந்தொழில் அதற்கு வராது, இன்பம் மட்டும் வரும். ஆணவமும்கூட அழிவதில்லை. அதுவும் அனாதி அல்லவா? சூரியன் முன்னால் இருட்டு அடங்கிக் கிடப்பதுபோல வலியிழந்து கிடக்கும்.

ஐந்தெழுத்தில் இந்த உறவு முழுவதையும் பார்க்கலாம். சிவாயநம. சி என்பது சிவம், வா அவன் அருள், ய உயிர், ந மறைக்கும் ஆற்றல், ம மலம். உயிர் எங்கே நிற்கிறது? நட்டநடுவில். ஒருபக்கம் சிவமும் அருளும், மறுபக்கம் மறைப்பும் மலமும். முகத்தை எந்தப் பக்கம் திருப்புகிறதோ அந்தப் பக்கத்து வண்ணம். நமசிவாய என்று ஓதும்போது நகர மகரம் முன்னால் நிற்பதால் அது உலகில் இருப்பவருக்கு, சிவாயநம வீடு வேண்டுபவருக்கு என்று பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள். ‘ய’ எந்த வரிசையிலும் தனியே நிற்பதில்லை.

அதனால்தான் ஞானம் பெற்றவருக்கும் சிவஞானபோதம் ஒரு வேலை வைத்திருக்கிறது. கடைசிச் சூத்திரத்தில், மலம் கழுவி, அன்பரோடு கூடி, அடியாருடைய வேடத்தையும் ஆலயத்தையும் ‘அரன்எனத் தொழுமே’ என்கிறார் மெய்கண்டார். சூத்திரங்கள் அந்தச் சொல்லோடு முடிகின்றன. உடம்பு இருக்கும்வரை பழைய வாசனை வந்து ஒட்டப் பார்க்கும். சார்பு இல்லாமல் நிற்க முடியாத உயிர், சார நல்ல இடம் வேண்டும் என்று நல்லவர்களோடு இருக்கிறது, கோயிலுக்குப் போகிறது. திருப்புன்கூர் போயிருக்கிறீர்களா? அங்கே சுவாமி பெயரே சிவலோகநாதர். பிறப்பைக் காரணம் காட்டி உள்ளே விடாததால் வாசலில் நின்ற நந்தனாருக்குத் தெரியட்டும் என்று நந்தியை விலகச் சொன்னார் அவர். இன்றும் அந்த நந்தி நேர்கோட்டிலிருந்து விலகித்தான் இருக்கிறது. வாசலில் நின்றபடியே உள்ளே லிங்கம் தெரியும்.